நெரிசலான அணியில் பத்தொன்பது வயதுப் பையன்: ஆடவைப்பதா, உட்காரவைப்பதா?

கேள்வி இதுதான்: பத்துப் பதினோரு பேர் ஏற்கெனவே இடம் பிடித்து நிற்கும் ஒரு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி, டிராஃப்டின் (புதிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) முதல் சுற்றில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறது. அவனைக் களத்தில் இறக்கி வளர்ப்பதா, பெஞ்சில் உட்காரவைத்து வளர்ப்பதா?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும் என்பது ஒன்று. பெரியவர்களைப் பார்த்துக் கற்கட்டும், அவசரம் என்ன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உதாரணம் காட்டலாம் என்பதால் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. என் கருத்து வேறு. பையன் வளர்ந்தானா இல்லையா என்பதை நிமிடங்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அவனுக்கென்று ஒரு சின்ன வேலை குறித்துக் கொடுக்கப்பட்டதா, அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி எப்போது காலியாகும் என்று நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்ததா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. முதலாவதைப் பயிற்சியாளர்கள் ஓரளவு செய்துவிடுகிறார்கள். இரண்டாவதை நிர்வாகங்கள் தள்ளிப்போடுகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆக, பங்கிட்டுக் கொடுக்க இருப்பது 240 நிமிடம். தொடக்க ஐவர் ஆளுக்கு 32 நிமிடம் ஆடினால் 160 போய்விடும். மிச்சம் 80. வெல்ல நினைக்கும் அணியில் ஆறாவது, ஏழாவது ஆட்டக்காரர்களே அதில் பாதியை வாங்கிவிடுவார்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் தங்கள் பங்கை எடுத்த பிறகு பையனுக்குக் கிடைப்பது, எல்லாம் நல்லபடியாக நடந்தால், எட்டோ பத்தோ நிமிடம். யாருக்காவது காயம் பட்டால் இருபது. எல்லோரும் நலமாக இருந்தால் பூஜ்யம். இதில் எரிச்சலூட்டுவது அளவு குறைவு என்பதல்ல. நேற்று இருபது, இன்று பூஜ்யம், நாளை மறுநாள் ஆறு என்று தாறுமாறாக வருவதுதான். முதல் தவறிலேயே வெளியே இழுத்துவிடுவார்கள் என்று பயந்து ஆடும் பையன் எதையும் கற்பதில்லை, தப்பிக்க மட்டும் கற்கிறான்.

பயிற்சியில் கற்றுக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். 82 ஆட்டங்கள், நகருக்கு நகர் விமானப் பயணம், முப்பதைத் தாண்டிய நட்சத்திரங்களின் முழங்கால்கள். பருவம் தொடங்கிவிட்டால் ஐவருக்கு ஐவர் மோதும் முழுப் பயிற்சிக்கு நாளே கிடைப்பதில்லை. அணி எவ்வளவு மூத்ததோ அவ்வளவு குறைவு. ஆட்டத்திலும் இடமில்லை, பயிற்சியிலும் மோதல் இல்லை என்றால் அந்தப் பையன் ஆண்டு முழுவதும் உதவிப் பயிற்சியாளர் ஒருவரோடு காலியான கூடையை நோக்கிப் பந்து எறிந்துகொண்டிருப்பான். வீச்சு திருந்தும். ஆட்ட அறிவு அப்படியே நிற்கும்.

இதன் மிக மோசமான உதாரணம் டார்கோ மிலிசிச். 2003 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு, வயது 18. எடுத்தது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். முன்வரிசைத் தேர்வுகள் பொதுவாகத் தோற்கும் அணிகளுக்கே போகும். முந்தைய பருவத்தில் 50 ஆட்டங்கள் வென்ற அணிக்கு இரண்டாவது தேர்வு எப்படி வந்தது? 1997இல் ஓடிஸ் தோர்ப் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து வாங்கிய பழைய தேர்வுரிமை முதிர்ந்து வந்தது. பென் வாலஸ், மெஹ்மத் ஓகூர் என்று உயரமானவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். 2004 பிப்ரவரியில் ரஷீத் வாலஸும் வந்து சேர்ந்தார். பயிற்சியாளர் லாரி பிரவுன் இளைஞர்களிடம் பொறுமை காட்டியவர் என்று யாரும் சொன்னதில்லை. முதல் பருவத்தில் மிலிசிச் ஆடியது 34 ஆட்டங்கள், சராசரியாக ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அணி அந்த ஆண்டு சாம்பியன். அவருக்கு அடுத்தடுத்துத் தேர்வான கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் நட்சத்திரங்களானார்கள். எல்லோரும் பிரவுனைத் திட்டுகிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. இளைஞர்களை என்.பி.ஏ.வுக்குக் கீழே உள்ள துணை லீக்குக்கு (இன்றைய ஜி லீக்) அனுப்பிவைக்கும் விதியே 2005-06 பருவத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு அந்தப் பையன் ஆடுவதற்கு உலகத்தில் இடமே இல்லை. பெஞ்ச், ஓட்டல், விமானம், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு, அது இன்னும் வயிற்றெரிச்சல். 1996இல் பள்ளியிலிருந்து நேராக வந்த ஜெர்மெய்ன் ஓ'நீலை 17ஆவது தேர்வாக எடுத்தது போர்ட்லண்ட். ரஷீத் வாலஸ், சபோனிஸ், பிரையன் கிரான்ட் ஆகியோருக்குப் பின்னால் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். தினமும் பயிற்சியில் அந்த மலைகளோடு மோதியதால் உண்மையிலேயே வளர்ந்தார். ஆனால் 2000இல் லேக்கர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற போர்ட்லண்டுக்கு, அந்த அணியின் ஷகீல் ஓ'நீலைத் தடுக்க உடல்வலு உடனே தேவைப்பட்டது. டேல் டேவிஸை வாங்கிக்கொண்டு ஜெர்மெய்னை இண்டியானாவுக்கு அனுப்பினார்கள். முதல் பருவத்திலேயே அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளி, 9.8 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது). 2002இல் மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருது. நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தொடர்ந்து ஆறு முறை தேர்வு. உட்காரவைத்து வளர்ப்பது பலிக்கும் என்பதற்கும் இவர்தான் சாட்சி. நாற்காலியைக் காலி செய்யத் திட்டமில்லாமல் வளர்த்தால் அறுவடை அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதற்கும் இவர்தான் சாட்சி.

இனி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் ஒரே அணிக்குள் எல்லா வகை முடிவுகளும் கிடக்கின்றன.

2020இல் இரண்டாவது தேர்வாக ஜேம்ஸ் வைஸ்மன் வந்தார். கல்லூரியில் மொத்தமே மூன்று ஆட்டங்கள் ஆடியவர். கொரோனா காரணமாக டிராஃப்ட் நவம்பர் 18இல் நடந்தது. பருவம் டிசம்பர் 22இல் தொடங்கிவிட்டது. கோடை லீக் கிடையாது, பயிற்சி முகாமையும் அவர் தவறவிட்டார். நேராக முதல் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறக்கிவிட்டார்கள். அதுவும் எப்படிப்பட்ட ஆட்டமுறை! பயிற்சியாளர் ஸ்டீவ் கெரின் அணியில் மைய ஆட்டக்காரருக்கு எழுதிவைத்த வேலை குறைவு. அணியின் நட்சத்திரம் ஸ்டீஃப் கரி எந்தப் பக்கம் ஓடுகிறார், தடுப்பவர் மேலே வந்தாரா பின்வாங்கினாரா என்று பார்த்து அரை நொடியில் திரை வைக்க (தடுப்பவரின் வழியை உடலால் மறிக்க) வேண்டும், பந்தைக் கைமாற்ற வேண்டும், அல்லது கூடைக்கு வெட்டி ஓட வேண்டும். டிரேமண்ட் கிரீன் அதைப் பல ஆண்டுகள் பழகியவர். மூன்று கல்லூரி ஆட்டங்கள் ஆடிய பத்தொன்பது வயதுக்காரரிடம் அதை எதிர்பார்த்தது, எழுத்துக்கூட்டிப் படிப்பவனிடம் வெண்பா கேட்பது போல. 39 ஆட்டங்களில் முழங்காலில் காயம், அடுத்த பருவம் முழுவதும் ஓய்வு, 2022 நவம்பரில் சான்டா குரூஸ் துணை அணி, 2023 பிப்ரவரியில் டெட்ராய்ட்.

அதே அணியில், அதே இடத்தில் ஆடிய கெவான் லூனியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015இல் 30ஆவது தேர்வு. 73 ஆட்டங்கள் வென்ற அந்தப் பருவத்தில் லூனி ஆடியது ஐந்து. இரண்டு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைகள். ஒப்பந்தத்தின் நான்காம் ஆண்டு உரிமையைக்கூட அணி 2017இல் வேண்டாம் என்று விட்டுவிட்டது. பிறகு குறைந்த சம்பளத்தில் அவரே திரும்பி வந்தார். உயரத் தாவ முடியாது, வேகம் கிடையாது. ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட வேலை ஒற்றை விரலில் அடங்கும்: திரை வை, இடத்தில் நில், ரீபவுண்டை எடு. 2022 பிளே ஆஃபில் மெம்பிஸைத் தோற்கடித்த ஆறாவது ஆட்டத்தில் 22 ரீபவுண்ட் எடுத்தார். அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தில் அவர் பங்கு சிறியதல்ல. இரண்டாவது தேர்வைவிட முப்பதாவது தேர்வு அதிகம் பயன்பட்டதற்குத் திறமை காரணமில்லை என்பது வெளிப்படை. வைஸ்மனிடம் கேட்டது பெரிய வேலை. லூனியிடம் கேட்டது சிறிய வேலை.

அதே அணியின் ஜொனாதன் குமிங்காவின் கதை வேறு வகை. 2021இல் ஏழாவது தேர்வு. அந்த உரிமை மினசோட்டாவிலிருந்து ஆண்ட்ரூ விக்கின்ஸோடு சேர்ந்தே வந்தது. அதாவது பையனை எடுக்கும் உரிமையும், அவன் ஆட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளப் போகிறவரும் ஒரே மூட்டையில் வந்தார்கள்! விக்கின்ஸ் 2022 பட்டத்துக்குத் தவிர்க்க முடியாதவர் ஆனார், ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது. குமிங்கா முதல் பருவத்தில் 16.9 நிமிடத்தில் 9.3 புள்ளி எடுத்தார். அந்த வயதுக்கு அது நல்ல தொடக்கம். பிறகுதான் இழுபறி. பயிற்சியாளர் கேட்டது ரீபவுண்ட், தற்காப்பு, மூலையில் நின்று வீசுவது, வெட்டி ஓடுவது. அவருக்குள் இருந்தது பந்தைக் கையில் வாங்கித் தானே புள்ளி எடுக்கும் ஆட்டக்காரர். 2025 பிப்ரவரியில் விக்கின்ஸை அனுப்பிவிட்டு ஜிம்மி பட்லரைக் கொண்டுவந்தார்கள். நாற்காலி காலியானது போலத் தெரிந்தது. அதே நாற்காலியில் இன்னும் பெரியவர் வந்து அமர்ந்தார். அந்த ஏப்ரலில் நான்காம் ஆண்டு ஆட்டக்காரரான குமிங்கா சில முக்கிய ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. இரண்டாம் சுற்றில் கரிக்குக் காயம் பட்டதும் மினசோட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தார். திறமை இல்லாதவர் முப்பது எடுக்க மாட்டார். ஆனால் கரி இல்லாத அணியில் மட்டுமே விளங்கும் திறமையைக் கரியின் அணியில் எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு 2021 டிராஃப்ட் இரவிலேயே ஒரு பதில் இருந்திருக்க வேண்டும்.

வாரியர்ஸ் செய்ததில் தவறே இல்லாத ஒன்றும் உண்டு: ஜோர்டன் பூல். 28ஆவது தேர்வு. கரியும் இன்னொரு நட்சத்திரமான கிளே தாம்சனும் காயத்தில் கிடந்த 2019-20இல் 15 வெற்றி, 50 தோல்வி என்ற அணியில் இஷ்டம்போல் ஆடினார்; வீச்சில் 33 சதவீதம்தான் விழுந்தது. தண்ணீரில் தள்ளும் கட்சிக்காரர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். 2021 பிப்ரவரியில், இரண்டாம் பருவத்தின் நடுவே, துணை லீக்குக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆள். அடுத்த பருவம் சராசரி 18.5 புள்ளி, கையில் சாம்பியன் மோதிரம்.

சரி, திட்டமிட்டுச் செய்தவர்கள் யார் என்றால் நான் டொரான்டோ ராப்டர்ஸைத்தான் காட்டுவேன். 2015இல் தங்கள் துணை அணியைத் தொலைதூர ஊர் எதிலும் வைக்காமல் பக்கத்திலேயே மிசிசாகாவில் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீட்டையே பெயராக வைத்து ராப்டர்ஸ் 905. மறு ஆண்டு 27ஆவது தேர்வாக வந்தவர் பாஸ்கல் சியாகம். கேமரூனில் குருமடப் பள்ளியில் படித்தவர், கூடைப்பந்தைத் தாமதமாகத் தொட்டவர். ஜாரட் சல்லிங்கரின் காயத்தால் முதல் பருவத்திலேயே 38 ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இருந்தார். வேலை ஒன்றே ஒன்று: ஓடு, தடு, மறுபடி ஓடு. 2017 பிப்ரவரியில் அணி செர்ஜ் இபாக்காவையும் பி. ஜே. டக்கரையும் கொண்டுவந்ததும் அவருடைய இடம் பறிபோனது. இந்த இடத்தில்தான் பல அணிகள் பையனைப் பெஞ்சின் கடைசியில் உட்காரவைத்து மறந்துவிடும். டொரான்டோ அவரை 905க்கு அனுப்பியது. அங்கே பட்டம் வென்றார், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட்டும் அதே அணியில் இருந்தார்.

அதற்கடுத்த கோடைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யாரும் அதிகம் பேசாத பகுதியும்கூட. டக்கரும் பேட்ரிக் பேட்டர்சனும் ஒப்பந்தம் முடிந்து போனார்கள். டெமேர் கேரலின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள புரூக்ளினுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கூடக் கொடுத்தார்கள். கோரி ஜோசப்பை இண்டியானாவுக்கு அனுப்பினார்கள். மூத்தவர்கள் நான்கு பேர் ஒரே கோடையில் காலி. அந்த இடங்களில் சியாகம், வான்வ்லீட், டெலான் ரைட், யாக்கப் பெர்டல். துணை அணியில் ஒன்றாக ஆடியவர்கள் இங்கேயும் ஒன்றாகவே, நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், ஒரு தனிக் குழுவாக இறங்கினார்கள். இது நுட்பமான விஷயம். பையனை நான்கு பெரியவர்கள் நடுவே தனியாக இறக்கினால் அவன் மூலையில் நின்று பந்துக்குக் காத்திருப்பான். தன் வயதுக்காரர்களோடு இறக்கினால் யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்தக் குழுவில் சியாகம் பந்தைக் கொண்டுபோகக் கற்றார். அந்தப் பருவம் அணி 59 ஆட்டங்களை வென்றது என்பதையும் கவனியுங்கள். வளர்ப்பதும் வெல்வதும் ஒன்றையொன்று தின்னவில்லை. சியாகமின் மூன்று புள்ளி வீச்சு அந்த ஆண்டு வெறும் 22 சதவீதம், அடுத்த ஆண்டு 36.9. மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருது வந்தது. 2019 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் நமக்குக் காலை ஆறரை மணி. 17 வீச்சில் 14 விழுந்து 32 புள்ளி எடுத்ததைக் காபி ஆறிப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் துணை லீக்குக்கு அனுப்பினால் போதுமா? போதாது. ஓக்லஹோமா சிட்டி 2022இல் 11ஆவது தேர்வாகப் பெற்ற உஸ்மான் ஜெங் 2024இல் ஜி லீக் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர், சியாகமைப் போலவே. ஆனால் மேலே நாற்காலி எதுவும் காலியாகவில்லை. அடுத்த ஆண்டு அந்த அணி என்.பி.ஏ. பட்டம் வென்றபோது அவர் பெரும்பாலும் பார்வையாளர்தான். அதற்கும் கீழே இன்னொரு நிலை உண்டு. 2015இல் டல்லஸ் 52ஆவது தேர்வாக எடுத்த நம் பஞ்சாபின் சத்னாம் சிங் நினைவிருக்கிறதா? டெக்சாஸ் லெஜன்ட்ஸ் துணை அணிக்குப் போனார், அங்கும் பெரும்பகுதி பெஞ்சில். துணை லீக்கில் பெஞ்சில் உட்கார்வது இருப்பதிலேயே பயனற்ற ஏற்பாடு.

ஜி லீக்கில் பையனுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. மேலே மூலையில் நின்று வீசப்போகிறவனைக் கீழே முப்பது முறை வீசும் ராஜாவாக வைத்தால் புள்ளிப்பட்டியல் அழகாக இருக்கும், மேலே வந்ததும் அந்தப் பழக்கம் எதற்கும் உதவாது. மேலே செய்யப்போகும் வேலையையே கீழேயும் செய்யட்டும், ஆட்டத்தில் ஒரு பகுதி மட்டும் அவன் கையில் பந்து இருக்கட்டும் என்பேன். கணக்கெடுக்கும்போது புள்ளியைப் பார்க்காமல், உதவித் தற்காப்புக்கு எத்தனை முறை நேரத்துக்கு வந்தான், தேவையற்ற ஃபவுல் எத்தனை, பந்து கைக்கு வந்ததும் எவ்வளவு வேகத்தில் முடிவெடுத்தான் என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். முதல் சுற்று ஒப்பந்தத்தில் உறுதியான சம்பளம் இரண்டு ஆண்டுக்கே. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டை வைத்துக்கொள்வதா என்பதை இரண்டாம் பருவம் தொடங்கிய சில நாட்களில், அக்டோபர் 31க்குள் சொல்லியாக வேண்டும். பையன் ஒரே ஒரு பருவம்தான் ஆடியிருப்பான், அதுவும் பெஞ்சில்! மூன்று பருவம் முடிந்தால் ஒப்பந்த நீட்டிப்புப் பேச்சு தொடங்கிவிடும். 2023இல் வந்த கூட்டு ஒப்பந்தம் அதிகச் செலவு செய்யும் அணிகளின் கையைக் கட்டிப்போட்டிருப்பதால், மலிவான சம்பளத்தில் உருப்படியாக ஆடும் இளைஞன் முன்பைவிட இப்போது அதிகம் தேவை. நெரிசலான அணிகள்தான் பெரும்பாலும் செலவாளி அணிகளும்.

பையன் பொறுமையிழந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். பாஸ்டனின் பேட்டன் பிரிட்சார்ட், 2020இல் 26ஆவது தேர்வு, மூன்றாம் பருவத்தில் நிமிடங்கள் குறைந்து வேறு அணிக்குப் போகவும் விரும்பினார். பாஸ்டன் அவரை விடவில்லை. 2023 ஜூனில் மார்கஸ் ஸ்மார்ட்டை அனுப்பி நாற்காலியைக் காலி செய்தது, அந்த அக்டோபரில் நான்கு ஆண்டு நீட்டிப்பும் கொடுத்தது. 2025இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது அவருக்கு. பொறுமையாக இரு என்று ஓராயிரம் முறை சொல்வதைவிட, அந்த ஒரு பரிமாற்றம் அவருக்குத் தெளிவாகப் பேசியிருக்கும்.

ஆக, நான் அந்த அணியின் பொது மேலாளராக இருந்தால், பையனின் பெயரை அறிவித்த இரவே பயிற்சியாளரோடு உட்கார்ந்து அவனுடைய ஒற்றை வேலை என்னவென்று எழுதிக்கொள்வேன். நவம்பர் முதல் ஜனவரி வரை துணை அணியில் வாரம் இரண்டு மூன்று ஆட்டம், முப்பது நிமிடத்துக்குக் குறையாமல். பிப்ரவரியில் பரிமாற்றக் கெடு வரும்போது அவனுக்கு முன்னால் நிற்பவருக்கு நல்ல விலை கிடைத்தால் கொடுத்துவிடுவேன். கிடைக்காவிட்டால் அடுத்த கோடையில், டொரான்டோ செய்தது போல, கையிலிருந்து கொடுத்தாவது அந்த இடத்தைத் திறப்பேன். இரண்டாம் பருவத்தில் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், தவறு செய்தாலும் செய்யாவிட்டாலும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கவும், முன்னால் நிற்பவரை அனுப்பவும் உங்கள் அணியால் முடியாது என்றால் அந்தத் தேர்வுரிமையை டிராஃப்ட் இரவிலேயே விற்றுவிடுங்கள். டெட்ராய்ட் 2003இல் அதைச் செய்திருந்தால்கூட 2004 பட்டத்தை எப்படியும் வென்றிருக்கும்.